கணையத்தில் களையெடுத்தல்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை அடுத்த செங்கம் சாலைப் பக்கத்து ஊர்களில், அறுவடைக் காலத்தே மணிலாக்கொட்டையைத் தூற்றிக் காயும் சருகும் வேறாக்குவர். கனத்தது காலடியில் விழும். இலேசானது காற்றொடு போம். நீரிழிவு ஆராய்ச்சியின் அரியதொரு பகுதிக்கும் இத்தொழிலின் தத்துவமே அடிப்படை என்பது வியப்பன்றோ?

கணையத்துள் சிதறிக் கிடக்கும் சிறு தீவுகளை, 1869-ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர் கண்டெழுதினார். கணையத்தின் எடையில் அவை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. மனிதரிடத்து, அத்தீவுகளிலும் ஏறத்தாழப் பாதியே இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்கள். உடனுறையும் ஆல்பா உயிரணுக்களோ, இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் குளூக்ககானைச் சுரப்பன.

இவற்றைப் பிரிக்கும் முறை மூன்று படிகளை உடையது. முதலாவது, கொலாஜினேஸ் என்னும் நொதியால் இணைப்பு நார்களைக் கரைத்தல். இரண்டாவது, வெவ்வேறு அடர்த்தியுள்ள நீர்மங்களை அடுக்கிச் சுழற்றி, தீவுகளைத் தமக்குரிய அடுக்கிலே நிற்கச் செய்தல். இஃது ஆய்வுக்கூடத்துத் தூற்றலே. மூன்றாவது, தீவுகளைத் தனி உயிரணுக்களாக்கி, அவற்றின் பருமனையும் இயல்பான ஒளிர்வையும் கொண்டு கருவியாற் பிரித்தல். நம் நாட்டிலும், புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் ரமேஷ் போண்டே குழுவினர், சுண்டெலிக் கணையத்தை வளர்ப்பு முறையில் வைத்துத் தீவுகளைப் பெருந்தொகையாகப் பெறும் வழியை 1999-இல் வெளியிட்டனர்.

இத்துணைத் தூய்மை எற்றுக்கு? கலப்புள்ள உயிரணுக்களில் ஒரு மருந்தைச் சோதித்தால், விளைந்த மாறுதல் பீட்டாவினதோ ஆல்பாவினதோ எனத் துணியலாகாது. பிழையான துணிபு பிழையான மருந்துக்கு வழியாகும். 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10.1 கோடி, ஆதலின் இப்பிழை சிறிதன்று.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை உண்டு. களையைப் பறிக்கப்புகின் கோதுமைக்கும் கேடுண்டு என்பது நற்செய்தி உவமை காட்டும் உண்மை. பிரிக்குந்தோறும் உயிரணுக்கள் பல மடிகின்றன. அன்றியும், பெல்ஜிய நாட்டுப் பிப்பெலேர்ஸ் குழுவினர் 1982-இல் எலியின் பீட்டா உயிரணுக்களைத் தூய்மையாகப் பிரித்து ஆராய்ந்தபோது, தனித்த அவை சர்க்கரைக்கு இன்சுலினைக் குறைவாகவே சுரந்தன. ஆல்பாவின் துணையோ குளூக்ககானோ சேர்ந்தவிடத்துச் சுரப்பு மிகுந்தது.

ஆகவே, உயிரணுவின் தன்மையை அறியத் தூய்மை வேண்டும். அதன் தொழிலை அறியத் தோழமையும் வேண்டும். தனித்த உயிரணுவையும் முழுத் தீவையும் ஒருங்கே ஆராய்வோரே மெய்ம்மையை அணுகுவர். களை என்று ஒதுக்கியதும் சிலபோது துணையாதலை இவ்வாராய்ச்சி நமக்குக் கற்பிக்கின்றது.