வழிகாட்டியின் பின்னே: அகத்தியர்கூடப் பயணத்திற்கு ஒரு திட்டம்

தமிழ் பயிலும் மாணவர்க்கு அகத்தியர் பெயர் புதிதன்று. அவர் தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்றும், பொதிகையில் உறைபவர் என்றும் மரபு கூறும். அப்பொதிகைத் தொடரில், கேரள எல்லையில் நிற்கும் அகத்தியர்கூடம் 1868 மீட்டர் உயரமுடையது. அத்தொடரின் கிழக்கே தாமிரபரணி பிறக்கிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் பிறக்கின்றன. நெல்லை மாணவனும் திருவனந்தபுரத்து மாணவனும் ஒரே மலையின் நீரைக் குடித்து வளர்ந்தவர்கள்! வரும் தைத் திங்களில் அங்குச் செல்ல நம் மன்றம் எண்ணியுள்ளது. அதற்குத் திட்டம் வகுக்கும் பணி என்னிடம் தரப்பட்டது. நான் திரட்டியவற்றை முறைப்படுத்தி இங்கே தருகிறேன்.

முதலாவது, காலமும் அனுமதியும். நினைத்த நாளில் ஏறத்தக்க மலையன்று இது. ஆண்டுதோறும் சனவரி முதல் சில வாரங்களுக்கு மட்டுமே கேரள வனத்துறை பொதுமக்களை அனுமதிக்கிறது. நாள் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பும் உண்டு. அறிவிப்பு வந்ததும் பதிவு செய்யாவிடில் இடம் கிடைப்பது அரிது. ஆதலின் பெயர், வயது, அடையாள அட்டை, மருத்துவச் சான்று ஆகியவற்றைச் செயலாளர் முன்கூட்டியே வாங்கி வைத்தல் வேண்டும். நெகிழிப் பொருள்கள், மது, புகையிலை, பூசைப் பொருள்கள் ஆகியவற்றை எவரும் கொண்டுவரலாகாது.

இரண்டாவது, வழி. நாம் கூடும் இடம் தம்பானூர். அங்கே புகைவண்டி நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே உள்ளன. எங்கிருந்து வருவோரும் வழி தேடி அலைய வேண்டுவதில்லை. தம்பானூரிலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் போணக்காடு செல்ல வேண்டும். போணக்காட்டுக்குப் பேருந்துகள் குறைவு. எனவே முன்னாள் மாலையே தம்பானூர் வந்து தங்குதல் நலம். போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை ஒரு நாள் நடை. மறுநாள் சிகரம் ஏறி, முகாமுக்குத் திரும்பி, மூன்றாம் நாள் இறங்குவது வழக்கம். உச்சியை அடுத்த பாறைகளில் கயிற்றைப் பற்றியே ஏற வேண்டும். யானையும் காட்டெருமையும் கரடியும் வாழும் காடு அது. கூட்டத்தை விட்டு ஒருவரும் விலகலாகாது.

மூன்றாவது, உணவு. தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டி, லாரி பேக்கர் வடிவமைத்த சுருள் வடிவ இந்தியன் காப்பி ஹவுஸ் இருக்கிறது. அங்கே மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவந்திருப்பதைக் கண்டு நம்மவர் திகைக்க வேண்டா! உணவு விடுதிகளில் இளஞ்சிவப்பாகத் தரும் வெந்நீர், பதிமுகப் பட்டை இட்டுக் காய்ச்சியது, தயங்காமல் பருகலாம். புட்டும் கடலையும், மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும், கட்டன் சாயாவும் இவ்வூரின் அன்றாட உணவுகள். மலை முகாமில் கஞ்சியும் பயறும் போன்ற எளிய உணவே கிடைக்கும். நம் வீட்டுச் சமையலை அங்கே எதிர்பார்ப்பது தகாது. கிடைத்ததை முகஞ்சுளியாமல் உண்பதே விருந்தினர்க்கு அழகு.

நான்காவது, நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது, வழிகாட்டிகளிடம் நாம் நடந்துகொள்ளும் முறை. இக்காடுகளில் தொன்றுதொட்டு வாழ்வோர் காணி மக்கள். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. ஊர்த் தலைவரை மூட்டுக்காணி என்றும், மருந்தும் சடங்கும் அறிந்தவரைப் பிலாத்தி என்றும் அழைப்பர். அவர்களை நாம் சுமைகூலிகளாகக் கருதினால் பெரும் பிழை செய்தவர்கள் ஆவோம். இதற்கு நம் கண்முன்னேயே ஒரு சான்று உண்டு.

1987-இல் அறிவியலார் குழு ஒன்று காணி இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு இம்மலைகளில் நடந்தது. அறிவியலார் களைத்துப் போயினர். வழிகாட்டிகளோ களைப்பின்றி நடந்தனர். அவர்கள் இடையிடையே ஒரு செடியின் காயை மென்றுகொண்டிருந்தனர். தந்ததைத் தின்ற அறிவியலாரும் புத்துணர்ச்சி பெற்றனர். அஃது இன்னதென்று கூற அவ்விளைஞர்கள் முதலில் தயங்கினர், பிறகே காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதனை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு அதன் உரிமத்தைப் பத்து இலட்சம் ரூபாய்க்கு வழங்கியது. அத்தொகையிலும், விற்பனையில் கிடைக்கும் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க முடிவு செய்தது. அதற்காக 1997-இல் அவர்கள் பெயரால் ஓர் அறக்கட்டளை அமைந்தது. ஆயினும் பிலாத்திகள் சிலர், குலத்தின் அறிவை வெளியார்க்குச் சொன்னது முறையன்று என்று வருந்தினர். அவ்வருத்தத்தையும் நாம் மதித்தல் வேண்டும்.

இதிலிருந்து நமக்கு ஒரு விதி பெறப்படுகிறது. வழிகாட்டி மனமுவந்து சொல்வதைக் கேட்கலாம். சொல்லாததைத் துருவிக் கேட்கலாகாது. ஓர் இலையைக் கூடப் பறித்து வரலாகாது. அவரைப் படம் எடுக்கவும் இசைவு பெற வேண்டும்.

மாணவியர் வருகை பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு இம்மலையேற்றத்தில் பெண்களுக்குத் தடை இருந்தது. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. 2019 சனவரியில் தன்யா சனல் சிகரம் ஏறினார். தாங்கள் வழிபடும் மலை ஆதலின் காணி மக்களுள் சிலர் அப்போது அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தனர். நம் மாணவியர் வரவேண்டும் என்பதே என் முடிவு, உரிமையை விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஆனால் உரிமை பெற்றவர் வெற்றிக் கூச்சலிட வேண்டுவதில்லை. மலையைத் தெய்வமாகக் கொண்டவர் முன்னே ஆணும் பெண்ணும் ஒருங்கே அடக்கத்துடன் நடப்போம். அங்ஙனம் நடந்தால், அவர்கள் மனமும் நாளடைவில் நெகிழக் கூடும்.

இறுதியாக, பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்வோம். ஒருவர் பொதுப்பணத்தையும் கணக்கையும் காக்கட்டும். ஒருவர் மருந்துப் பெட்டியையும், அட்டைக் கடிக்கு உப்பையும் சுமக்கட்டும். வழிகாட்டி முன்னே செல்வார். நம்முள் மெல்ல நடப்பவர் அவரை அடுத்துச் செல்லட்டும், வலியவர் கடைசியில் வரட்டும். அப்போது எவரும் பின்தங்க மாட்டார்.

அகத்தியரை நாம் ஆசான் என்கிறோம். அவர் மலையில் இன்று நமக்குப் பாதை காட்டும் காணி மகனும் ஆசானே. அவர் நில் என்றால் நிற்போம். பேசாதே என்றால் பேசாதிருப்போம். அதற்கு ஒப்புபவர் மன்றச் செயலாளரிடம் பெயர் தருக!