கார் பெயிண்ட் மங்கிடுச்சா? செலவு பண்ணும் முன் நீங்களே சோதிச்சுப் பாருங்க

வெயிலில் நிற்கும் காரில் முதலில் மங்குவது மேற்கூரையும் பானெட்டும்தான். கதவுகள் பளபளன்னு இருக்க, இவை மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துத் தெரியும். "முழுசா பெயிண்ட் அடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால், உடனே சம்மதிக்க வேண்டாம். பாலிஷ் போதுமா, பெயிண்ட்தான் தேவையா என்பதைப் பத்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இன்றைய பெரும்பாலான கார்களில் நிறத்துக்கு மேல் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற பூச்சு உண்டு. இதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஜெராக்ஸ் பேப்பர் தடிமனில் பாதிதான். பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் இது கொஞ்சம் தேயும். அதனால் தேவையில்லாமல் தேய்க்கக் கூடாது.

எப்படிச் சோதிப்பது?

காரை நிழலில் கழுவி, நன்றாக உலர விடுங்க. பிறகு:

1. செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடிச்சுப் பாருங்க. மெல்லிய வட்டக் கீறல்களும் சீரான மங்கலும் மட்டும் தெரிந்தால், பாலிஷ் போதும்.

2. மங்கிய இடத்தில் விரலை ஓட்டுங்க. தோல் உரிந்தது போல விளிம்பு தட்டுப்பட்டால், கிளியர் கோட்டே போயிடுச்சு. அங்கே எந்த பாலிஷும் உதவாது. அந்தப் பகுதிக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் போதுமா என்று கேளுங்க.

3. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்துத் தேயுங்க. துணியில் கார் நிறம் ஒட்டினால், அங்கே மேல்பூச்சு இல்லை. பழைய வகை பெயிண்ட் என்றால் மெதுவாக பாலிஷ் போடலாம்.

எப்படிச் சரிசெய்வது?

முதலில் ஓர் அடி சதுர இடத்தில் மட்டும் பாலிஷ் போட்டுப் பாருங்க. பளபளப்பு வந்தால் மற்ற இடங்களுக்குப் போங்க. வரவில்லை என்றால் மட்டும் 'ரப்பிங் காம்பவுண்ட்' போட்டு, அதன் மேல் பாலிஷ் போடுங்க. கடைசியில் வாக்ஸ் பூசுங்க. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லியது, அங்கே அழுத்தாதீங்க. சூடான பானெட்டில் வேலை செய்யாதீங்க. காய்ந்த தூசியை வெறும் துணியால் துடைக்கும் பழக்கத்தையும் விட்டுடுங்க. கீறல்கள் அதில்தான் வருது.

கடையில் கொடுப்பதானால், முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் போட்டோ எடுத்துக்கோங்க. எந்தப் பகுதிக்கு என்ன வேலை என்று பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்க.

கவனிக்க

ஆர்.சி.யில் உங்கள் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கும். அதே நிறத்தில் பெயிண்ட் அடித்தால் ஆர்.சி. விவரம் மாறாது. நிறத்தையே மாற்ற நினைத்தால், வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கோங்க. ஆர்.சி.யில் ஒரு நிறம், வண்டியில் வேறு நிறம் என்றிருந்தால், வாகனச் சோதனையிலும் வண்டியை விற்கும்போதும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.