ரசிகர் சேனலுக்கு இரண்டு ஸ்ட்ரைக்: எந்த வீடியோவுக்காகப் போராடலாம்?

கேள்வி: திருவனந்தபுரம் பழவங்காடியில் வசிக்கிறேன். சாலை பஜாரில் எங்கள் குடும்பக் கடை இருக்கிறது. நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து எங்கள் அபிமான நடிகருக்காக யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறோம். கணபதி கோவிலில் தேங்காய் உடைத்துத்தான் ஆரம்பித்தோம். விளம்பரத்தில் கொஞ்சம் வருமானமும் வருகிறது.

ஐந்து வாரத்துக்கு முன் எங்கள் இரண்டு வீடியோக்கள் அடுத்தடுத்து நீக்கப்பட்டன. ஒன்று, அவருடைய சண்டைக் காட்சிகள் 20 வருடத்தில் எப்படி மாறின என்று அலசும் 14 நிமிட வீடியோ. பேச்சு முழுக்க எங்களுடையது. இடையிடையே வரும் படத் துண்டுகள் எல்லாம் சேர்த்து 2 நிமிடம் இருக்கும். இன்னொன்று பிறந்தநாள் மாஷப். 3 பாட்டுகள், 9 நிமிடம். இரண்டிலும் 'எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே' என்று போட்டிருந்தோம். வீடியோவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்ட்ரைக் விழுந்திருக்கிறது.

அதன்பின் சென்னையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. 15 நாளில் பதில் வேண்டும், 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வேண்டும் என்கிறார்கள். அது வந்து 26 நாளாகிறது. பயத்தில் கம்ப்யூட்டரில் இருந்த எடிட்டிங் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டோம். இரண்டு வீடியோவுக்கும் எதிர் அறிவிப்பு கொடுக்கலாமா? ஜெயிலுக்குப் போக நேருமா? காப்புரிமைச் சட்டத்தில் ரசிகனுக்கு இடமே இல்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பழவங்காடி.

(நீண்ட கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: முதலில் ஒரு சொல்லைத் திருத்திவிடுகிறேன். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேட்டன்ட். உங்கள் பிரச்சினை பதிப்புரிமை. அதற்கான சட்டம் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். பதில் கடிதத்தில் இந்தச் சொல்லே தவறினால் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைப் பாதி எடைபோட்டுவிடுவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரசிகனுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது ரசிகன் என்பதற்காகத் தரப்பட்ட இடமில்லை, விமர்சகனுக்குத் தரப்பட்ட இடம். சட்டத்தின் 52(1)(அ) பிரிவு, ஒரு படைப்பை விமர்சிக்கவோ மதிப்பிடவோ அதிலிருந்து நியாயமான அளவு எடுத்துக் கையாள்வதை மீறல் என்று கருதுவதில்லை. உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப் போகும் ஒரே கேள்வி இதுதான்: எடுத்த துண்டை வைத்து நீங்கள் ஏதாவது சொன்னீர்களா, அல்லது மூலப்படைப்பு தரும் இன்பத்தையே மறுபடி பரிமாறினீர்களா?

இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்தை கே.பி.ஏ.சி. நாடகக் குழு 1952-ல் மேடையேற்றியது. பல ஆண்டுகள் கழித்து சிவிக் சந்திரன் அதற்கு மறுப்பாக ஓர் எதிர் நாடகம் எழுதினார். மூல நாடகத்தின் பாத்திரங்களும் வசனங்களும் அதில் வந்தன. பாசியின் மனைவி அம்மிணி அம்மா தரப்பு நீதிமன்றம் போனது. 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் மூன்று அளவுகோல்களை வைத்துப் பார்த்தது. சொல்லும் விமர்சனத்தோடு ஒப்பிட்டால் எடுத்தது எவ்வளவு, அதன் மதிப்பு என்ன? எதற்காக எடுத்தார்? இரண்டு படைப்புகளும் ஒன்றோடொன்று போட்டியிடுமா? பார்த்தபின், எதிர் நாடகத்தைத் தடுக்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது. அது இடைக்காலத் தடை பற்றிய கட்டத்தில் வந்த தீர்ப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனாலும் அந்த மூன்று கேள்விகள் இன்றைக்கும் பயன்படுகின்றன.

அவற்றை உங்கள் வீடியோக்களுக்குப் போட்டுப் பாருங்கள். சண்டைக் காட்சி அலசலில் 14 நிமிடத்துக்கு 2 நிமிடம் எடுத்திருக்கிறீர்கள். நோக்கம் மதிப்பீடு. அதைப் பார்த்தவர் 'படத்தைப் பார்த்தாகிவிட்டது, இனி வேண்டாம்' என்று சொல்ல மாட்டார். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அதைப் பற்றிய உங்கள் பேச்சு இருந்தால் நல்ல வாதம் இருக்கிறது. துண்டு ஓட, பேச்சு வேறு எதையோ பற்றி இருந்தால் அந்த இடம் பலவீனம்.

மாஷப்புக்கு அந்த வாதம் இல்லை. மூன்று பாட்டைக் கேட்க வந்தவருக்கு மூன்று பாட்டும் கிடைத்துவிடுகிறது. உங்கள் எடிட்டிங் எவ்வளவு உழைப்பானாலும், விமர்சனம் என்ற கதவு அதற்குத் திறக்காது. அதோடு ஒரு திரைப்பாடலில் பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு என்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. படக்காட்சியின் உரிமை வேறு. 2024 பிப்ரவரியில் வெளியான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' உங்களுக்குத் தெரியும். அதில் 1991-ல் வந்த 'குணா' படப் பாடலைப் பயன்படுத்தியதற்காக அந்த ஆண்டு மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து தயாரிப்பாளர்களுக்கு நோட்டீஸ் போனது. உரிமை வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்பது அவர்கள் பக்கத்துப் பதில். பெரிய தயாரிப்பாளருக்கே யாரிடம் எந்த உரிமை என்பதில் தகராறு வருகிறது. நீங்கள் ஒருவரிடமும் கேட்காமல் மூன்று பாட்டு எடுத்திருக்கிறீர்கள்.

'எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே' என்று போட்டது உங்களைக் காப்பாற்றாது. அடுத்தவர் சொத்து என்று தெரிந்தே எடுத்தீர்கள் என்பதற்கு அது சாட்சியாகவும் ஆகலாம். 15 விநாடி வரை பரவாயில்லை என்று நண்பர்கள் சொல்வதும் சட்டத்தில் எங்கும் இல்லை. இணையத்தில் பேசப்படும் 'ஃபேர் யூஸ்' அமெரிக்கச் சட்டத்தின் கருத்து, விரிந்த வாசல். நம் சட்டம் அனுமதித்த காரியங்களைப் பட்டியல் போட்டுத்தான் தருகிறது.

ஆகவே இரண்டு வீடியோவுக்கும் ஒரே மாதிரி எதிர் அறிவிப்பு அனுப்பாதீர்கள். யூடியூபின் எதிர் அறிவிப்பு சாதாரண புகார்ப் படிவம் இல்லை. வீடியோ தவறுதலாக நீக்கப்பட்டது என்று பொய்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூறுகிறீர்கள். உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். அதன்பின் 10 வேலை நாளுக்குள் அவர்கள் நீதிமன்ற நடவடிக்கை எடுத்ததற்குச் சான்று காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். காட்டினால் நீங்கள் பிரதிவாதி. மாஷப்புக்கு அப்படி உறுதி சொல்ல உங்களுக்கு அடிப்படை இல்லை. ஜெயிக்கக்கூடிய வீடியோவையும் அது கெடுத்துவிடும்.

அலசல் வீடியோவுக்கு மட்டும், அதுவும் வக்கீல் பார்த்த பிறகு அனுப்புங்கள். மாஷப்பைப் பொறுத்தவரை, புகாரைத் திரும்பப் பெறும்படி எதிர்த்தரப்பிடம் வக்கீல் மூலம் கேட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரைக் சாதாரணமாக 90 நாளில் காலாவதியாகும். அதற்குள் மூன்றாவது விழுந்தால் சேனலே போய்விடும். எனவே அடுத்தவர் காட்சியோ பாட்டோ உள்ள எதையும் இப்போது ஏற்றாதீர்கள்.

பதிப்புரிமை விதிகள் 2013-ன் 75-வது விதியையும் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அதன்படி புகார் வந்தால் இணையதளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். புகார் கொடுத்தவர் 21 நாளில் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். உங்கள் வீடியோக்கள் நீக்கப்பட்டு 35 நாளாகிறது. ஆனால் உங்களுக்கு வந்த புகார் இந்த விதியின் கீழா, அல்லது யூடியூபின் சொந்தப் படிவத்திலா? நீக்கம் பற்றி யூடியூப் அனுப்பிய மின்னஞ்சலை நீங்கள் இணைக்கவில்லை. அதைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இங்கே உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. நோட்டீஸில் 15 நாள் என்று எழுதியிருந்தது. 26 நாள் என்ன செய்தீர்கள்? ஆறு பேரில் ஒருவருக்குக்கூட வஞ்சியூர் கோர்ட்டு வரை போகத் தோன்றவில்லையா? பதில் தராததாலேயே தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. ஆனால் நாளை நீதிபதி 'அன்றே ஏன் மறுக்கவில்லை' என்று கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு, கோப்புகளை அழித்தது. அலசல் வீடியோவுக்கு எழுதிய ஸ்கிரிப்ட், குறிப்புகள், எந்தத் துண்டு எத்தனை விநாடி என்று காட்டும் எடிட்டிங் கோப்பு ஆகியவைதான் 'விமர்சிக்கவே எடுத்தோம்' என்பதற்கு உங்கள் கையிலிருந்த சாட்சி. அதை நீங்களே எரித்த மாதிரி ஆயிற்று. நோட்டீஸ் வந்தபின் அழித்தது, மறைக்கப் பார்த்தீர்கள் என்ற சந்தேகத்தையும் கிளப்பும். வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக்கும் போகாது, பொறுப்பும் போகாது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட அவர்களுக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு.

இன்றே ஆறு பேரும் அவரவர் போன், லேப்டாப், வாட்ஸ்அப், மின்னஞ்சல், பென் டிரைவ் எல்லாவற்றிலும் பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்ததைத் திருத்தாமல், பெயர்கூட மாற்றாமல் அப்படியே வையுங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய அதிநியம் 2023-ன் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது.

சிறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, தெரிந்தே செய்யும் மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் நிட் புரோ வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் சேனலுக்கு விளம்பர வருமானம் இருப்பதால் அந்தச் சலுகையும் நிச்சயமில்லை. நோட்டீஸில் கேட்டிருப்பது நஷ்டஈடுதான் என்கிறீர்கள். 63-வது பிரிவு எங்காவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

5 லட்சம் என்ற எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அது அவர்கள் கேட்பது. நஷ்டத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆதாரமில்லாத மிரட்டல் என்றால் 60-வது பிரிவில் நீங்களே பரிகாரம் கேட்கவும் வழி உண்டு. ஆனால் மாஷப் இருக்கும்வரை அந்தப் பிரிவை நீட்ட நான் துணிய மாட்டேன். இன்னொன்று: பதிப்புரிமை வழக்கை, உரிமையாளர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே போட 62-வது பிரிவு இடம் தருகிறது. வழக்கு சென்னையில் வந்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையை விட்டு ரயிலேற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் வைத்துத்தான் சமரசமா, போராட்டமா என்று முடிவெடுக்க வேண்டும்.

சேனலைத் தொடரப் போகிறீர்கள் என்றால் ஒரு வழி சொல்கிறேன். பின்னணி இசைக்கு சுவாதித் திருநாள் கீர்த்தனைகளை உங்கள் நண்பர்களே பாடி, வாசித்துப் பதிவு செய்யலாம். 1846-ல் மறைந்தவரின் படைப்பில் பதிப்புரிமை இல்லை. ஆனால் நவராத்திரி மண்டபக் கச்சேரியின் பதிவை எடுத்து ஒட்டினால், பாடியவருக்கும் பதிவு செய்தவருக்கும் உரிமை உண்டு. உங்கள் சொந்த ஸ்கிரிப்ட்டுக்கும் குரலுக்கும் உரிமை உங்களுடையதே. அது ஆறு பேரில் யாருடையது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பத்திரிகையில் எழுதும் இந்தப் பதில் பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் நோட்டீஸையும் மின்னஞ்சலையும் வீடியோவையும் நான் பார்க்கவில்லை. நோட்டீஸ், அது வந்த உறை, யூடியூபின் இரண்டு மின்னஞ்சல்கள், சேனலின் வருமான விவரம், மீட்ட கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வஞ்சியூரில் பதிப்புரிமை வழக்கு பார்க்கும் ஒரு வழக்கறிஞரை நேரில் சந்தியுங்கள். கட்டணத்துக்கு வழியில்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் விசாரியுங்கள். சேனல் தொடங்கிய அன்று தேங்காய் உடைத்த அதே பக்தியோடு, அன்றே ஒரு வக்கீலையும் கேட்டிருந்தால் மாஷப்பே ஏறியிருக்காது. அலசல் வீடியோ இன்னும் கைவிட்டுப் போகவில்லை. அதையாவது காப்பாற்றுங்கள்.