ஒரு பல் கூடினால்... ஒரு பல் குறைந்தால்...

சென்ற வருட மலரில் கவிதை எழுதினேன். அதைப் படித்தவர்கள் இனிமேல் கவிதை வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிட்டதால், இந்த முறை எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். மோட்டார் சைக்கிளின் செயின் ஸ்ப்ராக்கெட் பற்றியது. இரண்டாம் ஆண்டில் செயின் டிரைவ் என்றால் நமக்கு அது ஒரு பத்து மார்க் கேள்வி. எங்கள் வீட்டில் அதனால்தான் ஒரு ஆளின் கை உடைந்தது.

எங்கள் அப்பா பால்காரர். செய்யாறு பக்கம் நாலு ஊரில் பால் எடுத்து, காலை ஆறரைக்குள் சொசைட்டியில் ஊற்ற வேண்டும். 100 சிசி வண்டி, நாலு கியர். இரண்டு பக்கமும் 40 லிட்டர் கேன் தொங்கும். அப்பாவுக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் இன்ஜின் சத்தத்தை வைத்தே வால்வு டைட்டா லூஸா என்று சொல்லிவிடுவார். அவர் போகும் வழியில் ஒரு ஏரிக்கரை இருக்கிறது. ரோட்டிலிருந்து கரைமேல் ஏற ஒரு சரளைக்கல் பாதை. 2024 அக்டோபரில் ஒரு விடியற்காலை, அந்த ஏற்றத்தில் பாதியில் வண்டி திணறி நின்று, பின்னால் உருண்டு, கேன்களோடு சரிந்தது. 80 லிட்டர் பாலும் மண்ணில். அப்பாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"இத்தனை வருஷமா ஏறுன மேடுடா. வண்டிக்கு வயசாயிடுச்சு போல" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு மாதம் முன்புதான் போர் வேலை செய்து புது பிஸ்டன் போட்டிருந்தோம். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது: போர் வேலை செய்த இடத்தில், "மைலேஜ் கூடும்ணே" என்று சொல்லி முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லிலிருந்து 15 ஆக மாற்றியிருக்கிறார்கள். ஒரே ஒரு பல்! அதற்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அன்று நானும் நினைத்தேன்.

முதலில் அடிப்படை. கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட்டில் இருப்பது சின்ன ஸ்ப்ராக்கெட். பின் வீலில் இருப்பது பெரியது. பெரியதின் பல்லை சின்னதின் பல்லால் வகுத்தால் வருவதுதான் கடைசிக் குறைப்பு விகிதம். எங்கள் வண்டியில் 44ஐ 14ஆல் வகுத்தால் 3.14. அதாவது முன் சக்கரம் 3.14 சுற்று சுற்றினால் பின் வீல் ஒரு சுற்று. விகிதம் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். விகிதம் குறைந்தால் நேர் எதிர். சைக்கிள் ஓட்டியவர்கள் ஒன்றை கவனியுங்கள். சைக்கிளில் முன்னால் பெரியது, பின்னால் சின்னது. மோட்டார் சைக்கிளில் தலைகீழ். ஏனென்றால் நம் கால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே அதிகம், இன்ஜின் 5,000 சுற்று சுற்றுகிறது. அதைக் குறைத்துத்தான் வீலுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்போது முன்னால் 15 போட்டால் 44/15 = 2.93. கிட்டத்தட்ட 7 சதவீதம் இழுவை போச்சு. 13 போட்டால் 44/13 = 3.38. 7.7 சதவீதம் லாபம். பின்னால் ஒரு பல் கூட்டி 45 ஆக்கினால் 3.21, அதாவது இரண்டே கால் சதவீதம்தான். ஆக முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். "ஒரு பல்தானே" என்று சாதாரணமாகச் சொல்பவர்கள் எந்தப் பக்கத்துப் பல் என்று முதலில் சொல்ல வேண்டும்.

அப்பா கட்டோடு படுத்திருந்தபோது நான் கணக்குப் போட்டேன். மேஸ்திரி வேலை செய்யும் எங்கள் மாமாவிடம் தண்ணீர் மட்டம் பார்க்கும் டியூப் வாங்கி, ஏரிக்கரை ஏற்றத்தை அளந்தேன். 6 மீட்டர் ஏறினால் 1 மீட்டர் உயரம். வண்டி 110 கிலோ, அப்பா 60, பாலும் கேனும் 95, ஆக மொத்தம் 265 கிலோ. இதை 9.81ஆல் பெருக்கினால் 2,600 நியூட்டன். அதில் ஆறில் ஒரு பங்கு, 433 நியூட்டன், வண்டியைப் பின்னால் இழுக்கிறது. சரளைக்கல்லில் டயர் உருள எடையில் இரண்டு சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 52. காலை வேகத்தில் காற்றுத் தடையை விட்டுவிடலாம். ஆக ஏறுவதற்குத் தேவை 485 நியூட்டன்.

வண்டி என்ன தருகிறது? இந்த மாதிரி 100 சிசி இன்ஜினின் அதிகபட்ச டார்க் சுமார் 8 நியூட்டன் மீட்டர். எங்கள் வண்டியில் பிரைமரி குறைப்பு 3.72, இரண்டாம் கியர் 1.7, கடைசியாக செயினில் 3.14. எல்லாவற்றையும் பெருக்கினால் 159. கியரிலும் செயினிலும் உராய்வில் பத்தில் ஒரு பங்கு போனால் 143. பின் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, சிமெண்ட் தரையில் ஒரு சுற்று உருட்டி அளந்தேன். 1.84 மீட்டர். அதிலிருந்து ஆரம் 0.293 மீட்டர். 143ஐ இதால் வகுத்தால் 488 நியூட்டன்.

தேவை 485, கிடைப்பது 488! அதாவது கம்பெனி கொடுத்த 14 பல்லிலேயே அப்பா இத்தனை வருடமும் இரண்டாம் கியரில் நூல் பிடித்த மாதிரிதான் ஏறிக்கொண்டிருந்தார். 15 பல் போட்டதும் இழுவை 455 ஆகிவிட்டது. கீழே இருந்து வேகம் எடுத்து வந்த தம்மில் பாதி ஏறும், பிறகு வேகம் விழும், இன்ஜின் திணறும். அந்த இடத்தில் கிளட்ச் பிடித்து முதல் கியருக்கு இறக்குவதற்குள் 265 கிலோவும் பின்னால் உருள ஆரம்பித்துவிடும். இந்த மூன்று எண்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. வண்டிக்கும் வயசாகவில்லை, அப்பாவுக்கும் வயசாகவில்லை.

கணக்கு துல்லியமானது என்று நான் வாதாட வரவில்லை. டார்க் எல்லா சுற்றிலும் 8 இருக்காது, உராய்வும் கூடக் குறைய இருக்கும். ஆனால் 15க்கும் 14க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் நிச்சயம். பல்லை எண்ணி வகுப்பதில் தப்பு வராது.

'கீழே இருந்தே முதல் கியரில் ஏறினால் என்ன?' என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. முதல் கியரில் 900 நியூட்டனுக்கு மேல் வரும். ஆனால் சரளைக்கல்லில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடத் திருகினாலும் பின் வீல் சுழன்று வழுக்கும். கேன் இரண்டும் ஆடும்போது அது இன்னும் ஆபத்து. அனுபவத்தில் அப்பா இரண்டாம் கியரைத் தேர்ந்தெடுத்தது சரிதான்.

13 பல் போட்டால் இரண்டாம் கியரில் 525 நியூட்டன். தேவைக்கு மேல் 40 கையிருப்பு. 14ல் கையிருப்பு 3தான் என்பதை ஞாபகம் வையுங்கள். இழுவை 7.7 சதவீதம்தான் கூடியது, மிச்சமோ பல மடங்கு. எல்லையில் ஓடும் வண்டிக்கு ஒரு பல் என்ன செய்யும் என்பது இதில் தெரியும்.

இலவசமாக எதுவும் கிடைக்காது அல்லவா? என்ன இழக்கிறோம் என்றும் பார்த்துவிடுவோம். நாலாம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் 14 பல்லுக்கு இன்ஜின் சுமார் 5,100 சுற்று, 13 பல்லுக்கு 5,500. நெடுஞ்சாலையில் தினமும் 70ல் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. சத்தம், அதிர்வு, பெட்ரோல் எல்லாம் கூடும். அப்படிப்பட்டவர்கள் தனி ஆளாக, சமவெளியில் ஓட்டுபவர்களாக இருந்தால் 15 போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அப்பா 45ஐத் தாண்டியதே இல்லை. மைலேஜ் கதையையும் சோதித்தேன். டேங்க்கை வாய் வரை நிரப்பி, பத்து நாள் ஓட்டி, திரும்ப நிரப்பி அளந்ததில் 15 பல்லுக்கு லிட்டருக்கு 53, 13 பல்லுக்கு 54. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சுமை வண்டியில் பெரிய பல் போட்டால் மூன்றாம் கியரிலேயே உறுமிக்கொண்டு போக வேண்டியதுதான், நாலாம் கியர் பேருக்குத்தான்.

இன்னொரு நஷ்டம் செயினுக்கு. நம் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 428 செயின். பிட்ச் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். 14 பல் ஸ்ப்ராக்கெட்டின் பிட்ச் விட்டம் 57 மி.மீ., 13 பல்லுக்கு 53. ஆரம் குறைந்தால் அதே டார்க்குக்கு செயினின் இழுவிசை கூடும், இணைப்புகளும் அதிகமாக மடங்கும். செயின் ஒரு வட்டத்தில் ஓடுவதில்லை, பலகோணத்தில் ஓடுகிறது என்று சார் போர்டில் வரைந்தாரே, அந்தக் கணக்குப்படி வேக ஏற்ற இறக்கம் 14 பல்லுக்கு 2.5 சதவீதம், 13க்கு 2.9. அதனால் 12க்கு இறங்க நான் சொல்ல மாட்டேன். 13ல் ஒரு நல்லதும் உண்டு. அது ஒற்றைப்படை எண், செயினில் கண்ணிகள் இரட்டைப்படை. அதே பல் திரும்பத் திரும்ப அதே கண்ணியைச் சந்திக்காது, தேய்மானம் பரவலாக விழும். (1880ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் அடிப்படை அமைப்பு அதேதான். நம் கோயம்புத்தூரில் எல்.ஜி.பி. நிறுவனம் 'ரோலான்' என்ற பெயரில் செய்வதும் அந்த வம்சம்தான்.)

மாற்றும் வேலை சின்னது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரில் நிறுத்தி, இடது பக்கக் கவரைக் கழற்றினால் முன் ஸ்ப்ராக்கெட் தெரியும். எங்கள் வண்டியில் இரண்டு சின்ன போல்ட்டும் ஒரு பூட்டுத் தகடும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. கடையில் வாங்கும்போது பல் எண்ணிக்கை மட்டும் பார்க்காதீர்கள். ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைனும் செயின் நம்பரும் பொருந்த வேண்டும். பழையதை எடுத்துப்போய் மேலே வைத்துப் பார்ப்பதே உத்தமம். முன்னால் ஒரு பல் குறைந்தால் செயினில் அரைக் கண்ணி மிச்சமாகும். பின் ஆக்ஸிலை சுமார் 3 மி.மீ. பின்னால் தள்ளினால் போதும், செயினை வெட்ட வேண்டாம். பின்னால் மூன்று பல் கூட்டுபவர்களுக்கு ஆக்ஸில் 9 மி.மீ.க்கு மேல் முன்னால் வர வேண்டும். அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் செயினே நீளமாக வேண்டும்.

ஆக்ஸிலை நகர்த்திய பிறகு மூன்று விஷயம் மறக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் குறி ஒரே கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயின் ஒரு பக்கமாக அரைக்கும். செயின் தொய்வை வீலைச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளந்து, புத்தகத்தில் உள்ளபடி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் பின் பிரேக் ராடு. ஆக்ஸில் பின்னால் போனதும் பிரேக் பெடலின் ஆட்டம் மாறிவிடும். அதைச் சரி செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் ஏற்றத்தில் காப்பாற்றி இறக்கத்தில் விட்ட கதையாகும். லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பழைய செயினோடு புது ஸ்ப்ராக்கெட் போடலாமா என்று கேட்பார்கள். 20 பிட்ச் அளந்து பாருங்கள். புதியதில் 254 மி.மீ. இருக்கும். 259ஐத் தாண்டியிருந்தால் செட்டாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுப் பல்லையும் அது தின்றுவிடும். ஸ்பீடாமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வண்டியில் கேபிள் முன் வீலிலிருந்து வருவதால் அளவு மாறவில்லை. கியர் பாக்ஸ் பக்கம் சென்சார் உள்ள வண்டிகளில் முன் பல்லை மாற்றினால் மீட்டர் தப்பாகக் காட்டும்.

கட்டு பிரித்த மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை 13 பல்லை நானே மாட்டினேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலில் டிப்ளமோ படிக்கிறவன் நான். கணக்கு தப்பானால் திரும்ப அவர்தான் விழுவார் என்ற பயம் எனக்கு. அதனால் கேன்களில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிரப்பி, முதல் தடவை நானே ஓட்டிப் போனேன். என் எடை 52 கிலோதான் என்பதால் பையில் செங்கல் இரண்டு. இரண்டாம் கியரில் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தது. கரைமேல் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது அப்பா நடந்தே பின்னால் வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"கீழ எறக்கு. நான் ஒருவாட்டி ஓட்டிப் பாக்குறேன்" என்றார். மூன்று தடவை ஏறி இறங்கினார். மூன்றாம் தடவை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி, பிரேக்கைப் பிடித்து, முதல் கியரில் எடுத்துப் பார்த்தார். பிறகு பின் பிரேக் நட்டை இன்னும் அரைச் சுற்று இறுக்கச் சொன்னார். இறுக்கினேன்.

அந்தப் பழைய 15 பல் ஸ்ப்ராக்கெட் இப்போது என் ஹாஸ்டல் மேஜையில் இருக்கிறது. தங்கள் வண்டிக்குக் கணக்குப் போட விரும்பும் நண்பர்கள் இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் பல்லையும் எண்ணிக்கொண்டு, டயர் சுற்றளவையும் அளந்துகொண்டு மாலை நாலரைக்கு மேல் வரலாம். கால்குலேட்டர் நீங்களே கொண்டு வரவும். என்னுடையதில் 7 வேலை செய்யவில்லை.