எழுத்தைச் சுமக்கும் வானலை
பாக்கெட் வானொலியும் முனைய மென்பொருளும் – ஓர் அறிமுகப் பாடம்

வானொலி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை செய்தியும் பாட்டும் நாடகமுமே. குரலையும் இசையையும் கொண்டு வரும் அதே வானலைகள் எழுத்தையும் பிழையின்றிக் கொண்டு சேர்க்க வல்லவை. தொலைபேசிக் கம்பியோ இணையமோ இல்லாத இடத்திலிருந்தும் ஒரு கணிப்பொறி மற்றொரு கணிப்பொறிக்கு வானொலி வழியே செய்தி அனுப்பும் முறைக்குப் பாக்கெட் வானொலி என்று பெயர். ஊதியம் கருதாது, அறிவுப் பசிக்காகவும் பிறர்க்கு உதவவும் வானொலி நிலையம் நடத்தும் 'ஹாம்' என்னும் அமெச்சூர் வானொலியாளர்கள் இதை வளர்த்தனர். அதனை இயக்கும் விதத்தை இக்கட்டுரையில் காண்போம்.

எழுத்து எதற்கு?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது அந்தமான் தீவுகளின் தொலைத்தொடர்பு பெரிதும் அற்றுப் போயிற்று. அப்போது போர்ட் பிளேரில் தம் குழுவினருடன் வானொலி நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, தம் கருவிகளை உடனே மீட்புப் பணிக்குத் திருப்பினார். தீவுகளில் இருந்தோரின் நலச் செய்திகள் வானொலி வழியே தாய்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. அவர் குரல் வழியே ஆற்றிய அப்பணி, வானொலியாளர் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

இத்தகைய வேளையில் நாற்பது பேரின் பெயர்ப் பட்டியலைக் குரல் வழியே படிப்பதாக வைத்துக்கொள்வோம். இரைச்சலுக்கிடையே 'கமலா' என்பது 'விமலா' என்று கேட்டுவிட்டால் ஒரு தாய் வீணாக மகிழ்வாள். இன்னொரு தாய் வீணாக அழுவாள். மருந்தின் அளவை 5 என்பதற்குப் பதில் 9 என்று எழுதிக்கொண்டாலோ உயிருக்கே ஆபத்து. பாக்கெட் வானொலியின் தனிச்சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. சேதமுற்ற செய்தியை அது சரியான செய்தியென்று ஒப்படைப்பதில்லை; சரியாக வரும் வரை மீண்டும் கேட்டு வாங்குகிறது.

பிறந்து வளர்ந்த கதை

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரு மையக் கணிப்பொறியோடு இணைக்கப் பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 1971இல் வானொலியைப் பயன்படுத்தினர். அதுவே 'அலோஹா' வலையமைப்பு. அமெச்சூர் வானொலியாளர்களில் இம்முயற்சியை முதலில் செய்தவர்கள் கனடாவின் மாண்ட்ரியால் நகரத்தார், ஆண்டு 1978. 1984இல் 'ஏ.எக்ஸ்.25' என்னும் விதிமுறையின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. 1985இல் அமெரிக்காவின் டூசான் நகர வானொலிக் குழு 'டி.என்.சி.-2' என்னும் கருவியை வெளியிட்டது. அதன் அமைப்பைப் பின்பற்றிப் பல கருவிகள் பின்னர் வந்தன. அதன் கட்டளைகளையே இப்பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம்.

மூன்று உறுப்புகள்

ஒரு பாக்கெட் நிலையத்தில் மூன்று உறுப்புகள் உண்டு. கணிப்பொறி, வானொலிப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே டி.என்.சி. என்னும் இடைக்கருவி ஆகியவை அவை. கணிப்பொறியில் ஓடும் முனைய மென்பொருள் நாம் தட்டும் எழுத்தை இடைக்கருவிக்குக் கொடுக்கும். அதிலிருந்து வருவதைத் திரையில் காட்டும். அதன் வேலை அவ்வளவே. எழுத்தைப் பொட்டலமாகக் கட்டுவதும், 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்னும் இரு ஒலிகளாக மாற்றி வானொலிக்குத் தருவதும் இடைக்கருவியின் பொறுப்பு. இந்நாளில் தனிக் கருவி இல்லாமலும் இப்பணி நடக்கும். 'டைர் உல்ஃப்' போன்ற இலவச மென்பொருள்கள் கணிப்பொறியின் ஒலிப் பகுதியையே இடைக்கருவியாக்கிவிடுகின்றன.

முனைய மென்பொருளை அமைக்கும் முறை

1. இணைப்பு: இடைக்கருவியின் தொடர்வடத்தைக் கணிப்பொறியில் செருக வேண்டும். இன்றைய கணிப்பொறிகள் பலவற்றில் அதற்குரிய துளை இல்லாததால், யு.எஸ்.பி. மாற்றி ஒன்று தேவைப்படும். எந்த வழியில் கருவி இணைந்துள்ளது என்பதை மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. வேகம்: கணிப்பொறியும் இடைக்கருவியும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். 9600 என்று ஒன்றில் வைத்தால் மற்றதிலும் 9600 என்றே இருக்க வேண்டும். வானில் செல்லும் வேகம் நொடிக்கு 1200 பிட். அது வேறு, இது வேறு. புதிதாகக் கற்போர் இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுண்டு.

3. எழுத்தின் அளவு: எட்டு பிட், சமநிலைப் பிட் இல்லை, ஒரு நிறுத்தப் பிட் என்று அமைக்கவும். ஆங்கிலத்திற்கு ஏழு பிட் போதும், தமிழுக்குப் போதாது. யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். 'அம்மா' என்னும் சொல்லில் ஐந்து குறியீடுகள் உள்ளன. ஆக 15 பைட். எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால் அம்மா உருத் தெரியாமல் போய்விடுவாள்! டி.என்.சி.-2இல் இதற்கென '8பிட்கான்வ்' என்னும் கட்டளை உண்டு; அதை 'ஆன்' செய்ய வேண்டும்.

4. எதிரொலி: தட்டும் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாகத் திரையில் தோன்றினால் மென்பொருளின் உள் எதிரொலியை நிறுத்தவும். ஒன்றுமே தோன்றாவிட்டால் அதை இயக்கவும்.

5. அழைப்புக் குறி: 'மைகால்' என்னும் கட்டளையால் நமக்கு அரசு வழங்கிய அழைப்புக் குறியைப் பதிய வேண்டும். நாம் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெறுநர் குறியும் நம் குறியும் இருக்கும். மொட்டைக் கடிதத்திற்கு இங்கே இடமில்லை.

6. தாமதம்: அனுப்பும் பொத்தான் அழுந்தியவுடன் வானொலிப் பெட்டி முழு ஆற்றலை அடைந்துவிடாது. 'டி.எக்ஸ்.டிலே' கட்டளைக்கு 30 என்று கொடுத்தால், இடைக்கருவி நொடியில் பத்தில் மூன்று பங்கு பொறுத்திருந்து செய்தியைத் தொடங்கும். இந்த இடைவெளி குறைந்தால் பொட்டலத்தின் தலை வெட்டுப்படும்.

7. கேட்டல்: 'மானிட்டர் ஆன்' என்று தட்டிச் சிறிது நேரம் காத்திருக்கவும். அலைவரிசையில் பிறர் அனுப்புபவை திரையில் ஓடும். யார் இருக்கிறார்கள், தடம் எவ்வளவு நெருக்கடியாக உள்ளது என்பதை அறிந்த பின்னரே நாம் பேசத் தொடங்க வேண்டும்.

உரையாடும் முறை

இடைக்கருவிக்குக் கட்டளை நிலை, உரையாடல் நிலை என இரு நிலைகள் உண்டு. கட்டளை நிலையில் 'கனெக்ட்' என்று தட்டி, எதிர் நிலையத்தின் குறியையும் தட்டினால் அழைப்பு செல்லும். எதிர் நிலையம் ஏற்றுக்கொண்டதும் 'கனெக்டட்' என்று திரையில் தோன்றி, கருவி தானே உரையாடல் நிலைக்கு மாறும். அதன்பின் நாம் தட்டும் ஒவ்வொரு வரியும், வரி முடிக்கும் விசையை அழுத்தியதும் வானில் ஏறும். உரையாடலை முடிக்கக் 'கண்ட்ரோல்-சி' அழுத்திக் கட்டளை நிலைக்குத் திரும்பி, 'டிஸ்கனெக்ட்' என்று தட்ட வேண்டும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்தால், கருவிக்கு இட்ட கட்டளை ஊராருக்குச் செய்தியாகப் போய்விடும்!

பிழை எவ்வாறு தவிர்க்கப்படுகிறது?

மளிகைக் கடைச் சீட்டின் அடியில் மொத்தத் தொகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்து, தொகை ஒத்து வராவிட்டால் எங்கோ பிழை என்று அறிகிறோம். அதுபோலவே ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் 16 பிட் கொண்ட ஒரு சரிபார்ப்பு எண் சேர்க்கப்படுகிறது. பெறும் கருவி, வந்த செய்தியிலிருந்து அந்த எண்ணைத் தானே கணக்கிடும். இரண்டும் ஒத்தால் 'கிடைத்தது' என்று ஒப்புதல் அனுப்பும். ஒவ்வாவிட்டால் பொட்டலத்தை எறிந்துவிடும். ஒப்புதல் வராத அனுப்புநர் சில நொடிகள் பொறுத்து மறுபடியும் அனுப்புவார். எத்தனை முறை முயல்வது என்பதற்கும் வரம்பு உண்டு, வழக்கமாகப் பத்து. அதற்கு மேல் விடை வராவிட்டால் கருவி இணைப்பைத் துண்டித்து, நமக்கும் அதைத் தெரிவிக்கும்.

ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்வதால், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும். ஆகவே தடம் ஓயும் வரை கருவி காத்திருக்கும். ஓய்ந்ததும் உடனே பாய்வதில்லை. காத்திருந்த எல்லாரும் ஒருங்கே பாய்ந்தால் மோதல்தானே? எனவே தாயக்கட்டை உருட்டுவது போல நான்கில் ஒரு வாய்ப்பு என்று பார்க்கும். வாய்ப்பு விழுந்தால் அனுப்பும். விழாவிட்டால் நொடியில் பத்தில் ஒரு பங்கு பொறுத்து மறுபடி உருட்டும். வரிசையில் முண்டியடிக்காதிருக்க இயந்திரத்திற்கும் பழக்கம் கற்பித்திருக்கிறார்கள்!

சில பழுதுகளும் பரிகாரங்களும்

கருவியை இயக்கியதும் திரையில் பொருளற்ற குறிகள் தோன்றினால், வேகமோ பிட் அமைப்போ பொருந்தவில்லை என்று பொருள். வானொலியில் 'கிர்ர்' என்ற ஒலி கேட்டும் திரையில் எழுத்து வராவிட்டால், ஒலியின் அளவைக் கூட்டியோ குறைத்தோ பார்க்கவும். மிகுந்த ஒலி, குறைந்த ஒலியைப் போலவே தீமை செய்யும். பிறர் செய்தி நன்கு வந்தும் நம் அழைப்புக்கு மட்டும் விடையில்லை என்றால், முதலில் டி.எக்ஸ்.டிலே அளவைக் கூட்டிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து குறித்து வைப்பது நல்லது. நான்கை ஒருங்கே மாற்றினால் பழுதைத் தீர்த்தது எது என்பது தெரியாது.

வகுப்பில் செய்து பார்க்க

வானொலியில் அனுப்ப உரிமம் வேண்டும். நம் நாட்டில் 12 வயது நிரம்பியோர் அதற்கான தேர்வை எழுதலாம். உரிமம் பெறும் வரை தாளிலேயே விளையாடிப் பார்க்கலாம். ஒருத்தி அனுப்புபவள், ஒருத்தி பெறுபவள், ஒருத்தி 'காற்று'. நீண்ட செய்தி ஒன்றை ஐந்து ஐந்து சொற்களாகப் பிரித்துத் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் பெறுநர் பெயர், அனுப்புநர் பெயர், வரிசை எண், எழுத்துகளின் மொத்த எண்ணிக்கை ஆகியவை இருக்கட்டும். சீட்டுகள் 'காற்றின்' கை வழியே செல்ல வேண்டும். அவள் சிலவற்றில் ஓர் எழுத்தை அடித்துவிடலாம். பெறுபவள் எண்ணிப் பார்த்து, சரியானால் மட்டும் கையைத் தூக்க வேண்டும். பத்து எண்ணும் வரை கை உயராவிட்டால் அனுப்புபவள் புதிய சீட்டு எழுத வேண்டும்.

பிறகு இதைச் சிந்தியுங்கள்: காற்று ஓர் எழுத்தை அடிக்காமல் வேறோர் எழுத்தாக மாற்றிவிட்டால் நம் எண்ணிக்கை அதைக் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காது. உண்மையான சரிபார்ப்பு எண் வெறும் எண்ணிக்கையாக இல்லாமல், எழுத்துகளின் மதிப்பையும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது அதனால்தான்.

நிறைவாக

அமெச்சூர் வானொலியில் செய்தியின் பொருளை மறைக்கும் இரகசியக் குறியீடு கூடாது என்பது பன்னாட்டு விதி. நாம் எழுதுவதை எவரும் படிக்கலாம். அதன் மேல் நம் குறியும் இருக்கும். ஆகவே பலர் முன்னிலையில் சொல்லத் தகாததை எழுதாதிருப்பதே முறை.

வானொலியாளர்கள் தங்கள் பாதுகாவலராகப் போற்றுபவர் போலந்து நாட்டுத் துறவி புனித மாக்சிமிலியன் கோல்பே. 'எஸ்.பி.3 ஆர்.என்.' என்பது அவருடைய அழைப்புக் குறி. நற்செய்தியைப் பரப்ப அச்சகமும் வானொலி நிலையமும் நடத்திய அவர், 1941 ஆகஸ்ட் 14 அன்று அவுஷ்விட்ஸ் சிறை முகாமில் இன்னொரு கைதிக்குப் பதிலாகத் தம் உயிரைக் கொடுத்தார். 1982இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. கருவி எதுவாயினும் அது அயலாருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

மாணவியரே, இக்கருவி நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கங்கள் சில உண்டு. முதலில் கேள், முறை வரும் வரை பொறு, உன் பெயரைச் சொல்லிப் பேசு, பிறர் சொன்னது கிடைத்தால் கிடைத்தது என்று சொல், ஐயமுள்ளதை உண்மையென்று பிறருக்குக் கொடாதே. உரிமம் பெற்று நிலையம் அமைப்பவர் உங்களுள் சிலராகவே இருக்கலாம். இவ்வைந்தையும் கடைப்பிடிக்கவோ நம் எல்லாராலும் முடியும்.