டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஏ50.5’ என்றிருந்தால்

டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயருக்கு அருகே ஓர் எழுத்தும் சில எண்களும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அந்நோய்க்குரிய குறியீடு அது. ஜெயங்கொண்டத்தில் எழுதிய சீட்டைத் தஞ்சாவூரிலோ சென்னையிலோ உள்ள மருத்துவர் ஐயமின்றிப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. ஆயினும் சில குறியீடுகள் குடும்பத்தாரைக் கலங்கச் செய்துவிடுகின்றன. ஏ50.5 அவற்றுள் ஒன்று: ‘பிறவிச் சிபிலிஸ், பிந்திய நிலை, அறிகுறிகளுடன்’.

‘பிந்திய’ என்னும் சொல்லில், குழந்தையைக் காலந்தாழ்த்தி அழைத்து வந்தீர்கள் என்ற குற்றச்சாட்டு இல்லை. இரண்டு வயதுக்குள் நோய் வெளிப்பட்டால் ‘முந்தியது’, அதன் பின் வெளிப்பட்டால் ‘பிந்தியது’, அவ்வளவே. ‘பிறவி’ என்பதும் பரம்பரையைக் குறிப்பதன்று. மேகநோய் எனப்படும் சிபிலிஸின் கிருமி, கருவுற்ற தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. ஆகவே பதினைந்து வயதுப் பெண்ணின் சீட்டில் ஏ50 என்றிருந்தால், அவளது நடத்தையை ஐயுறுவதற்கு அதில் இடமே இல்லை. பிற்காலத்தில் பிறரிடமிருந்து தொற்றியதற்கு ஏ51, ஏ52 என வேறு குறியீடுகள் உள்ளன. உறவினர் கேள்வி எழுப்பினால் மருத்துவரையே விளக்கச் சொல்லலாம். சீட்டை எல்லோரிடமும் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

புள்ளிக்குப் பின்வரும் எண் பாதிப்பின் இடத்தைச் சொல்கிறது. கண் எனில் 3, நரம்பு மண்டலம் எனில் 4. பல், மூட்டு, மூக்கெலும்பு முதலியன 5. மேல் முன்பற்களில் பிறைபோன்ற வெட்டு, கருவிழி அழற்சி, செவிட்டுத்தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை இலண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தார். இரு முழங்கால்களும் வலியின்றி வீங்குவதை 1886இல் கிளட்டன் விவரித்தார். அப்பெயர்கள் இன்றும் சீட்டுகளில் வருகின்றன.

பெனிசிலின் கிருமியை அழிக்கும். வெட்டுண்ட பல்லையும் இழந்த செவிப்புலனையும் அது மீட்டுத் தராது. அவற்றுக்குப் பல் சீரமைப்பும் செவித்துணைக் கருவியும் உண்டு. கருவிழி அழற்சியோ பெனிசிலின் போட்ட பிறகும் வரக்கூடும். கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். சிலவகை இரத்தப் பரிசோதனைகள் வாழ்நாள் முழுதும் ‘பாசிட்டிவ்’ காட்டலாம். அதனால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

குழந்தைக்கு இக்குறியீடு எழுதப்பட்டால் தாய், தந்தை, உடன்பிறந்தோர் அனைவருக்கும் பரிசோதனை தேவை. தாய் மீண்டும் கருவுற்றால் முதல் வருகையிலேயே இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போடப்படும். பேற்றுக்கு 30 நாட்களுக்கு முன்பேனும் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது தாயின் கர்ப்பகாலப் பரிசோதனை அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். கிடைக்காவிட்டாலும் வருகையைத் தள்ளிப்போட வேண்டாம்.