லிங்க் யாருக்கும் தெரியாதாம்!

“ஃபைலோட லிங்க் யாருக்கும் தெரியாது சார், அப்புறம் எப்படி எடுப்பாங்க?” சர்வர் பராமரிப்புக்குப் போகிற இடமெல்லாம் இதே பேச்சு. கணினி தெரியாதவர்கள் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். தளத்தை வடிவமைத்துக் காசு வாங்கியவர்களே கேட்கிறார்கள்.

லிங்க்கை ஊருக்குச் சொல்வதே உங்கள் சர்வர்தான், ஐயா. தளத்தில் உள்ள ஏதாவது ஒரு படத்தின் முகவரியை எடுங்கள். கடைசியில் இருக்கும் கோப்பின் பெயரை மட்டும் அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள். அந்த ஃபோல்டரில் இண்டெக்ஸ் கோப்பு இல்லையென்றால், அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் தானே ஒரு பட்டியல் போட்டு நீட்டும். தலைப்பில் ‘இண்டெக்ஸ் ஆஃப்’. அதன் கீழே கோப்பின் பெயர், திருத்திய தேதி, அளவு. ‘பேரண்ட் டைரக்டரி’யைத் தட்டினால் ஒரு படி மேலே போகலாம். போனால் அங்கே ‘பேக்கப்’ என்றொரு ஃபோல்டர், அதற்குள் மொத்த டேட்டாபேஸும் ஒரே ஜிப்பாக! உபுண்டுவில் அப்பாச்சியை நிறுவினால், தளக் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு இந்த வசதி முதலிலேயே இயக்கத்தில்தான் வருகிறது. என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் அது அணைந்தே வரும். அங்கேயும் அவசரத்துக்கு எவராவது ஆன் செய்துவிட்டு மறந்திருப்பார்.

தலைப்பில் ‘இண்டெக்ஸ் ஆஃப்’ உள்ள பக்கங்களை மட்டும் கொடு என்று கூகுளிடமே கேட்கலாம். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜானி லாங் இப்படிப்பட்ட தேடல்களை 2000-களின் தொடக்கத்திலேயே திரட்டிவிட்டார். ‘டெஸ்ட்’ என்று ரகசியமாக ஒரு சப்டொமைன் திறந்தீர்களா? அதற்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கும்போதே பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அமெரிக்காவில் 2017-இல் டீப் ரூட் அனலிடிக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 19.8 கோடி வாக்காளர்களின் விவரங்களைப் பாஸ்வேர்டே இல்லாமல் அமேசான் கிளவுடில் வைத்திருந்தது. அந்த முகவரியில் ஊகிக்க வேண்டியிருந்தது, நடுவில் உள்ள கோட்டையும் சேர்த்து, ஆறே எழுத்து.

“சின்ன தளம், யார் பார்க்கப் போறாங்க?” பார்ப்பது ஆளில்லை, பாட். 2013-இல் வந்த இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்த்தது. அதற்குச் சின்னது பெரியது தெரியாது.

“தேடுபொறி வராம ரோபோட்ஸ் கோப்பில் தடுத்திருக்கோம்.” அந்தக் கோப்பையே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நகை பீரோ மாடியில் இருக்கிறது, தயவுசெய்து போகாதீர்கள் என்று வாசலில் பலகை மாட்டுகிற கதை.

“பூட்டு ஐகான் வருதே!” அது வழியில் ஒட்டுக்கேட்பதைத்தான் தடுக்கும்.

“காலி இண்டெக்ஸ் கோப்பு போட்டாச்சு.” போட்ட ஃபோல்டருக்கு மட்டும் சரி. அதற்குள் இருக்கும் மற்ற ஃபோல்டர்கள்?

அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் ‘ஆப்ஷன்ஸ்’ வரியிலிருந்து ‘இண்டெக்ஸஸ்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பட்டியலுக்குப் பதில் ‘அனுமதியில்லை’ என்கிற 403 வரும். அத்தோடு கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். பட்டியல் மறைந்தாலும் பெயரை ஊகித்தால் கோப்பு இறங்கும். பேக்கப்பும் வாடிக்கையாளர்களின் ஆவண ஸ்கேன்களும் வெப் ஃபோல்டருக்குள் இருக்கவே கூடாது. வெளியே வைத்து, லாகின் செய்தவருக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். டியூஷன் சென்டருக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஆதார் நகல் எதற்கு? கேட்டே ஆக வேண்டுமென்றால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கேளுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். படிப்பு முடிந்து வேலைக்கே போய்விட்ட பையனின் ஆதார் இன்னும் உங்கள் ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கிடந்தால் அழியுங்கள். ‘ஓல்டு’ என்று பெயர் மாற்றி அங்கேயே வைக்காதீர்கள்.